முப்பத்தஞ்சு

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கய்யா. கையத் தலைக்கு மேல வைங்க. மூச்ச விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க."

தென்காசியில் அந்த எக்கோ அறைச் சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்ற பலகை மாட்டியிருந்தது. 1994ஆம் வருடச் சட்டம்; இதயம் பார்க்கும் மெஷினுக்கும் அது உண்டு. "எனக்கு என்ன பிள்ளைன்னு கேக்கக் கூடாதாம்ல" என்றார் அப்பா. நான் சிரிக்கவில்லை. திரையில் கறுப்பும் சாம்பலுமாக அவர் இதயம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்து அனுப்பியபோது, ரிப்போர்ட்டில் ஈ.எஃப். 35 என்று போட்டிருந்தது. இடது கீழறை நிரம்பியிருக்கும்போது உள்ளே இருக்கும் ரத்தத்தில், ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் அது. எந்த இதயமும் நூறு வாங்காது. ஐம்பதுக்கு மேல், எழுபதை ஒட்டி வரை இருந்தால் இயல்பு. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "35 பாஸ் மார்க்குதான" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் 35ஓ அதற்குக் கீழோ இருந்து, நடந்தால் மூச்சும் வாங்கினால், துடிப்பு திடீரென்று தாறுமாறாகும் ஆபத்து கூடுதல். அதற்கு ஐ.சி.டி. என்ற கருவியைத் தோலுக்கடியில் வைப்பார்கள். தாறுமாறானால் உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும். விலை லட்சங்களில். மூன்று மாதம் மாத்திரை சாப்பிடட்டும், மறுபடி எக்கோ எடுத்துப் பார்ப்போம் என்றிருந்தார் டாக்டர். என் தொழில்புத்திக்கு அது ஒற்றை 'இஃப் கண்டிஷன்' மாதிரி தெரிந்தது.

அந்த மூன்று மாதமும் ராத்திரியில் எக்கோ பற்றியே படித்தேன். 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் தொடங்கியது. மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் பார்க்க வைத்திருந்த ஒலிக்கருவியில்தான் ஹெர்ட்ஸ் முதலில் சோதித்துப் பார்த்திருக்கிறார். மெகாஹெர்ட்ஸ் என்கிறோமே, அந்த ஹெர்ட்ஸின் குடும்பத்துக்காரர். இங்க்ஜெட் பிரிண்டரிலும் அவருக்குப் பங்குண்டு. அப்பாவின் ரிப்போர்ட் வந்ததும் இங்க்ஜெட்டில்தான்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "கப்பலுக்குப் பாக்கதயா எனக்குப் பாத்தாங்க?" என்று கேட்டார். கொஞ்சம் பெருமைதான்.

புரோப் அனுப்பும் ஒலி உடம்புக்குள் விநாடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் போய் எதிரொலித்துத் திரும்புகிறது. அதுவரை எல்லாம் சுத்தமான பொறியியல். அதற்குப் பிறகுதான் மனிதக் கை. இதயம் விரிந்த கணத்தில் ஒரு படத்தை நிறுத்தி, உள்சுவரை ஒட்டி ஒரு கோடு வரைவார்கள். சுருங்கிய கணத்தில் இன்னொரு கோடு. மெஷின் அந்த அறையை அடுக்கி வைத்த தட்டுகளாக எண்ணிக் கொள்ளளவு போடும். கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் எண் மாறிவிடும். பீடி பிடித்த நெஞ்சில் நுரையீரல் காற்று மறைப்பதால் சுவரே சரியாகத் தெரிவதில்லை. முப்பது வருடப் பீடி அப்பாவுடையது.

அன்று வந்த எண் 38. வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

டாக்டர் அந்தத் தாளை அதிகம் பார்க்கவில்லை. "35ம் 38ம் ஒண்ணுதான் தம்பி. நான் போட்டா வேற வரும்." அவரே புரோப்பை எடுத்தார். இதயத்தின் முனைப் பக்கத்தைக் காட்டினார். சுற்றியுள்ள சதையெல்லாம் தடித்து உள்ளே வர, அந்த இடம் மட்டும் சும்மா இருந்தது. பிறகு அப்பாவிடம் கேட்டார்:

"நடந்தா மூச்சு வாங்குதா?"

"ஒண்ணுமில்ல சார். வயலுக்குப் போயிட்டு வாரேன்."

போய்விட்டுத்தான் வருகிறார். ஆனால் திரும்பும்போது பாதி வழியில் ரயில் தண்டவாளம் தெரியும் இடத்தில் நின்றுவிடுவார். 2010இல் மீட்டர் கேஜை நிறுத்தி, 2018இல் அகலப் பாதையாகத் திறந்த செங்கோட்டை - புனலூர் லைன். "ரயில் வருதான்னு பாக்கேன்" என்பார். ஒரு நாளில் அதில் போவது சில ரயில்கள்தான். இரண்டு மாதமாக அவர் பின்னாலேயே நடந்து, நானும் ரயில் பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன்.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், எத்தனை நிமிஷம், எல்லாம். அப்பா என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் கோடு வரைந்தபோது 34 வந்தது. தம்பி சொல்றதையும் சேத்துப் பாத்தா கருவி வைக்கிறதுதான் நல்லது என்றார்.

செங்கோட்டை தாண்டும் வரை பஸ்ஸில் அப்பா பேசவில்லை. கேரளாவுக்குப் போகும் லாரிகள் வரிசையாக நிற்க, எங்கள் பஸ்ஸும் நின்றது. சாரல் அடித்தது. ஷட்டரை இறக்கிவிட்டுக் கேட்டார்:

"ஒரு மார்க்குல பெயிலாக்கிட்டியேல."

கருவி வைத்து இப்போது ஐந்து மாதமாகிறது. நேற்று வயலிலிருந்து வரும்போது அதே இடத்தில் நின்றார். ரயில் பக்கம் திரும்பவில்லை. பாலத்துக் கட்டையில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, "நீ முன்னால போ, நான் மெல்ல வாரேன்" என்றார்.

நானும் உட்கார்ந்தேன்.