கார்புரேட்டரை மாற்றும் முன்

"பயிருக்கு மட்டும்தான் பதில் சொல்வீங்களா, பவர் ஸ்ப்ரேயருக்கும் சொல்வீங்களா?" என்று வேடசந்தூர் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறு மாதம் கொட்டகையில் கிடந்த ஸ்ப்ரேயர் எத்தனை இழுத்தும் கிளம்பவில்லையாம். 'கார்புரேட்டர் போச்சு, புதுசுதான் போடணும்' என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். போன மாதம் என் புல்லட்டுக்கும் இதே தீர்ப்புதான் வந்தது.

என்னுடையது 1986 மாடல், 350 சி.சி. அப்பா வாங்கிய வண்டி. 1955-ல் சென்னையில் தயாரிப்பு தொடங்கிய புல்லட்டில் 350 சி.சி. மாடலுக்கு 2020-ல் பி.எஸ்.6 விதி வந்த பிறகுதான் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஆத்தூர், ரெட்டியார்சத்திரம், குஜிலியம்பாறை என்று நான் வேலை பார்த்த வட்டாரமெல்லாம் இந்த வண்டியில்தான் சுற்றினேன். ஓய்வு பெறும் நாள் வரை இதிலேயே போய்விட வேண்டும் என்று ஓர் ஆசை.

மழைக்காலம் முடிந்ததும் தகராறு ஆரம்பித்தது. ஸ்லோவில் நிற்காது. ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் 'பட் பட்' என்று வெடிக்கும். நிறுத்தி வைத்தால் கீழே பெட்ரோல் சொட்டும். நோய் இன்னதென்று பார்க்காமல் மருந்து அடிக்காதீர்கள் என்று முப்பது வருடமாக ஊர் ஊராகச் சொல்லி வருகிறவன், என் வண்டிக்கு மட்டும் எப்படிச் சம்மதிப்பேன்? பழைய வண்டிகளுக்கென்றே திண்டுக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் கொண்டு போனேன்.

அவர் முதலில் கழற்றியது கார்புரேட்டரை அல்ல, ஸ்பார்க் பிளக்கை. முனை வெளுத்திருந்தது. "கறுப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, வெளுத்திருந்தா காத்து ஜாஸ்தி சார்" என்றார். இலை நிறத்தைப் பார்த்து நாம் சத்துக் குறைபாடு சொல்வதில்லையா, அதே கணக்குதான். அடுத்து கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் இருந்த பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தது. கிண்ணத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு பூத்ததுபோல வெள்ளைப் பொடி.

காரணம் எத்தனால். நம் நாட்டுப் பெட்ரோலில் 2022-ல் 10 சதவிகிதம் ஆனது, 2025-ல் 20 சதவிகிதத்தை எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். ஜெட் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அதோடு பழைய ரப்பர் வாஷர்களை ஊதவைக்கும், உலோகத்தை அரிக்கும். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவுக்குக் காற்று கூடிய கலவையாகவும் ஆகிவிடுகிறது.

இதற்காக எத்தனாலைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கோழித் தீவனத்தைப் பெரிதும் நம்பியிருந்த மக்காச்சோளத்துக்கு இன்னொரு சந்தை கிடைத்திருக்கிறது. "எங்க சோளத்த உங்க வண்டி குடிக்குது, சும்மா ஓட்டுங்க சார்" என்று ரெட்டியார்சத்திரம் டீக்கடையில் ஒரு விவசாயி கிண்டல் செய்தார். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. மைலேஜ் இடிப்பது உண்மைதான். பொறுத்துக்கொள்கிறேன்.

பாய் செய்த வைத்தியம் இவ்வளவுதான். நீடில் வால்வும் வாஷர்களும் புதிது. ஜெட் ஓட்டையைக் கம்பியால் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்தார். ஸ்ப்ரேயர் நாசிலைக் குண்டூசியால் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதானால் மருந்து அளவே மாறிவிடும் என்று நாங்கள் சொல்வதும் இதற்காகத்தான். என்ஜினோடு சேரும் முகம் லேசாக வளைந்திருந்தது. இரண்டு போல்ட்டையும் அளவுக்கு மீறி இறுக்கினால் வளைந்து, இடுக்கில் காற்று இழுக்கும். சமமான கண்ணாடித் துண்டின்மேல் எமரித்தாளை விரித்து, அந்த முகத்தை அதில் தேய்த்தே நேராக்கினார். கடைசியாக நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினார். நீடில் உயர்ந்து, பெட்ரோல் கொஞ்சம் கூடும். மொத்தச் செலவு சில நூறு ரூபாய்.

ஸ்ப்ரேயர் வாசகரும் முதலில் இதையே பார்க்கட்டும். பழைய பெட்ரோலை முழுக்கக் கொட்டிவிட்டு, கிண்ணத்தையும் ஜெட்டையும் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் என்றால் கம்பெனி சொன்ன அளவு ஆயில் கலக்க வேண்டும். களை வெட்டும் கருவிகள் பலவற்றில் கிண்ணத்துக்குப் பதில் மெல்லிய டயாபிராம் இருக்கும். அது விறைத்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானே நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள். மக்காச்சோளத்தில் படைப்புழு குருத்துக்குள் இறங்குகிற நேரத்தில் மெஷின் கிளம்பாமல் இரண்டு நாள் போனால், அந்த நஷ்டம் கார்புரேட்டர் விலையைவிடப் பெரிது.

மாற்றியே ஆகவேண்டிய நிலையும் உண்டு. உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடு தேய்ந்து லொடலொடவென்று ஆடினால் எந்த வாஷரும் உதவாது. அப்போதும் விலை மலிவு என்று டூப்ளிகேட் வாங்க வேண்டாம், அதன் ஜெட் அளவை நம்ப முடியாது. என் வண்டி ஸ்லைடிலும் லேசாக ஆட்டம் இருக்கிறதாம். இன்னும் ஒரு வருடம் ஓடும் என்கிறார் பாய். "மாத்தினாலும் பழசத் தூக்கிப் போட்றாதீங்க சார், ஜெட்டு எல்லாம் ஒரிஜினல்" என்றும் சொல்லி வைத்திருக்கிறார்.