காண்டர் ஆற்றங்கரைக் கோடை

சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரிலிருந்து தெற்கே கிளம்பும் ரயில் தூன் ஏரியை ஒட்டி ஸ்பீட்ஸ் வரை நிதானமாக ஓடும். ஃப்ரூட்டிகென் தாண்டியதும் மலையேற்றம். வளைந்து, மலைக்குள் நுழைந்து, வெளியே வந்து, சற்று முன் பார்த்த அதே பள்ளத்தாக்கை இன்னும் உயரத்திலிருந்து காட்டும். ஏறி முடிகிற ஊர் காண்டர்ஸ்டெக், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,200 மீட்டர். 2007இல் மலையின் அடியில் 34.6 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய சுரங்கம் திறந்தபின் விரைவு ரயில்கள் இந்த ஊர்ப்பக்கமே வருவதில்லை. பழைய மலைப்பாதையில் போகும் ரயில்தான் இங்கே நிற்கும். கோடையில் அதில் ஏறினால் பெட்டி முழுக்கக் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பிள்ளைகள்.

அவர்கள் இறங்கிப் போவது ஆற்றங்கரையில் இருக்கும் சர்வதேசச் சாரணர் மையத்துக்கு. தமிழ்நாட்டில் ஒரு அரசுப் பள்ளியில் சாரணனாக இருந்தவன் நான். அந்த வழியாக ஒரு கோடை முழுக்க அங்கே தொண்டூழியனாக இருக்கும் வாய்ப்பு வந்தது. அங்கே ஊழியர்களைப் பிங்கி என்பார்கள். இளஞ்சிவப்பு மேற்சட்டைதான் எங்கள் அடையாளம். தூரத்தில் அந்த நிறம் தெரிந்தாலே போதும், விறகு கேட்டும் பிளாஸ்திரி கேட்டும் பிள்ளைகள் ஓடிவருவார்கள்.

மையத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1920இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் முதல் உலக ஜாம்போரி, அதாவது சாரணர் பெருங்கூடல், நடந்தது. பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றுகூடிக் கலைவதோடு முடிந்துவிடாமல், எந்த மாதம் போனாலும் வேற்று நாட்டுச் சாரணன் ஒருவனைச் சந்திக்கிற மாதிரி நிலையான இடம் ஒன்று வேண்டும் என்ற ஆசை சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலுக்கு இருந்தது. காண்டர்ஸ்டெக்கில் அப்போது பெரிய மரவீடு ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. லோட்ஷ்பெர்க் ரயில் சுரங்கம் தோண்ட வந்த தொழிலாளர்கள் தங்கிய வீடு. 1913இல் சுரங்கம் திறந்ததும் அவர்கள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். 1923இல் அந்த வீடு சாரணர் மையமானது. 1931இல் திரிசாரணர்கள் எனப்படும் மூத்த சாரணர்களின் முதல் உலகக் கூடல் இதே ஊரில்தான் நடந்தது.

அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இத்தாலியர்கள். 1908 ஜூலை 24 அன்று காஸ்டர்ன் பள்ளத்தாக்குக்கு அடியில் தோண்டிக்கொண்டிருந்தபோது பாறை முடிந்து, மேலேயிருந்த சரளையும் நீரும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. 25 பேர் இறந்தார்கள். அந்த இடத்தை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததால் சுரங்கத்தின் நீளமே கூடிப்போனது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு எனக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள் படுத்துறங்கிய வீடு இது என்பது அங்கே படுக்கப்போகிற பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி காலைப் பொழுது. மலைகள் இருபுறமும் நெருக்கி நிற்பதால் வெயில் பள்ளத்தாக்குக்குள் இறங்க நேரமாகும். டோல்டன்ஹார்ன் சிகரத்தில் பனி மின்னிக்கொண்டிருக்கும்போது கீழே கூடாரத் துணிகள் ஈரத்தில் கனத்துத் தொங்கும். ஜூலை மாதத்திலும் வாயைத் திறந்தால் ஆவி பறக்கும். வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவே ஒரு கோடு, எதிர்ச்சரிவிலிருந்து இறங்கி, புல்வெளியில் மெல்ல மெல்ல நகர்ந்து வரும். சூடான கோகோ கோப்பையை இரு கைகளாலும் பிடித்தபடி பிள்ளைகள் அந்தக் கோடு வரும் பக்கமாகப் போய் நிற்பார்கள். கோடு காலில் ஏறி, முழங்காலில் ஏறி, முகத்துக்கு வரும்போது ஒரு சத்தம் எழுப்புவார்கள் பாருங்கள், அதற்கு எந்த மொழியும் வேண்டாம். பக்கத்தில் காண்டர் ஆறு ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்து வரும் நீர், அரிசி களைந்த நீரின் நிறத்தில் இருக்கும். முதல் இரண்டு இரவு அந்த இரைச்சல் தூங்கவிடாது. பிறகு அது இல்லாமல் தூக்கம் வராது.

ஒவ்வொரு குழுவும் தனக்கான இடத்தில் கூடாரம் அடித்துக்கொள்ளும். கழிகளைக் கயிற்றால் கட்டி மேசை செய்வதும் அடுப்பு மேடை போடுவதும் பிள்ளைகள் வேலை. சமையலும் அவர்களுடையதே. இத்தாலியப் பிள்ளைகள் அடுப்பு மூட்டினால் பூண்டு மணம் ஆற்றைத் தாண்டிப் போகும். பிரிட்டன் பிள்ளைகளின் காலை பீன்ஸ் டப்பாவில் தொடங்கும். நான் ஒருநாள் வெங்காயமும் கடுகும் தாளித்தபோது நாலு கூடாரத்திலிருந்து தலைகள் எட்டிப்பார்த்தன. அன்று மதியம் தட்டோடு வந்து நின்றவர்களை எண்ணி மாளவில்லை.

ஆனால் மலையையும் சாப்பாட்டையும் விட எனக்கு ஆழமாகப் பதிந்தது சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாள். வேலைப் பட்டியல். யார் சமையலறை, யார் குப்பை பிரிப்பது, யார் விறகு, யார் கழிப்பறை. எங்கள் பெயர்கள் எல்லாம் அதில் சுற்றிச் சுற்றி வரும். நிர்வாகத்தில் இருப்பவர், நேற்று வந்து சேர்ந்தவர் என்ற பேதமில்லை. நான் புறப்பட்டு வந்த நாட்டில் கழிப்பறையை யார் கழுவுவது என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடுகிற விஷயம். அங்கே அதை முடிவு செய்தது ஒரு தாள், அதுவும் அந்த வாரத்துக்கு மட்டும். முதல்முறை என் பெயர் அந்தக் கட்டத்தில் வந்தபோது, மருத்துவம் படித்துக்கொண்டிருந்த டென்மார்க் பெண்ணொருத்தி எனக்குத் துணை. தரையை எப்படி ஓரத்திலிருந்து தொடங்கித் தேய்ப்பது, எந்தத் துணி எதற்கு என்று காட்டிக்கொடுத்தாள். பாடிக்கொண்டே தேய்த்தாள். முடித்துவிட்டுக் கைகழுவி ரொட்டி தின்னப் போனோம். அந்தக் காலையில் என் முதுகிலிருந்து ஏதோ இறங்கியது. என் ஊரில் அதே வேலையைச் செய்தவர்கள் எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்து போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களை யாரும் முன்வாசலுக்கு அழைத்ததில்லை.

பிள்ளைகளின் முகாமிலும் அதே முறைதான். அணிக்கு ஒரு வேலை, நாளுக்கு நாள் மாறும். பதினோரு வயதுக் குழந்தைகூட விலக்கில்லை. ஒரு மாலை, அந்த வயதுச் சிறுமி ஒருத்தி சாப்பிடாமல் தனியே உட்கார்ந்திருந்தாள். வீட்டை விட்டு வந்திருப்பது அதுதான் முதல்முறை என்று அவள் குழுவின் தலைவி சொன்னார். எங்களில் யார் பேசினாலும் தலையைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து முகாமில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வேற்று நாட்டுப் பெண் ஒருத்தி, பதினாலு பதினைந்து வயதிருக்கும், ஈரக் கையோடு எழுந்து வந்து உலர்ந்த துணியொன்றை அவள் மடியில் போட்டாள். சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். பெரியவள் ஒரு தட்டைக் கழுவி நீட்டினாள். சிறியவள் துடைத்தாள். இன்னொன்று. அது முடிந்ததும் கரண்டிகள். மொத்தப் பாத்திரமும் முடிகிறவரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் முடியாது, பொதுவாக ஒரு மொழி இல்லை. முடிந்ததும் சிறுமி தன் கூடாரத்துக்குப் போய் மிச்சமிருந்த சூப்பைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். குழந்தைகளைத் தேற்றுவது பற்றி எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் துணியளவு சரியான யோசனையை யாரும் சொன்னதில்லை.

பகலில் மலை நடை. சுவிஸ் மலைப்பாதைகளில் மஞ்சள் பலகைகள் நிற்கும், அவற்றில் கிலோமீட்டர் இருக்காது, நடக்க ஆகும் நேரம்தான் இருக்கும். வெள்ளை சிவப்பு வெள்ளைப் பட்டை போட்டிருந்தால் கடினமான மலைப்பாதை. பலகையில் போட்ட நேரத்தைப் பிள்ளைகள் ஒருபோதும் காப்பாற்றியதில்லை. மார்மட் என்ற மலை அணில் ஒன்று பாறை இடுக்கிலிருந்து சீழ்க்கை அடித்தால் போதும், எல்லோரும் வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்துவிடுவார்கள். நாங்களும் அவசரப்படுத்தியதில்லை. 1,578 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓஷினென் ஏரிக்குத்தான் அதிகம் போவோம். ஒருகாலத்தில் மலை சரிந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி. கடைசித் திருப்பத்தில் மரங்கள் விலகி, நீலமும் பச்சையும் கலந்த நீர்ப்பரப்பும் அதன்மேல் நிமிரும் ப்ளூம்லிசால்ப் பனிச்சிகரங்களும் ஒரேயடியாகத் தெரியும். வழி நெடுகப் புலம்பிக்கொண்டு வந்த பிள்ளைகள் முதலில் சும்மா நிற்பார்கள். அப்புறம் சப்பாத்தைக் கழற்றுவார்கள். தண்ணீரில் கால் வைத்ததும் கிளம்பும் அலறல் மலையில் மோதித் திரும்பும்.

மதியத்துக்குமேல் இடி. மேகம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது, சட்டென்று ஆலங்கட்டி. கூடாரக் கயிறுகளை இறுக்கப் பிள்ளைகள் பறப்பார்கள். தம்முடையதை இறுக்கி முடித்தவர்கள் அடுத்தவர் கயிற்றுக்கு ஓடுவார்கள். இதற்குப் பட்டியல் கிடையாது.

மழை விட்டதும் வீட்டு முன்படிகளில் சந்தை கூடும். அவரவர் நாட்டு, ஊர், படை அடையாளத் துணிச்சின்னங்களைப் பிள்ளைகள் போர்வைமேல் பரப்பி வைத்து மாற்றிக்கொள்வார்கள். காசு புழங்கக் கூடாது. அரிதான சின்னத்துக்கு மூன்று கொடு என்று விரல் காட்டுவான் ஒருவன், இரண்டு என்பாள் எதிரே இருப்பவள். இருவரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வார்கள். கடைசியில் ஒரு விசிலையும் சேர்த்துத் தந்து பேரம் படிந்துவிடும். இடது கையால் கைகுலுக்குவார்கள், அது சாரணர் முறை. என் பழைய பள்ளிப் படையின் சின்னமொன்று தைவான் சிறுவன் ஒருவனின் போர்வைக்குப் போனது. அவன் அதை நடுவில் வைத்துத் தைத்தான்.

இரவில் பாசறைத் தீ. பொருளில்லாத பாட்டுகள்தான் எல்லோருக்கும் பொது. அர்த்தமுள்ள பாட்டை அவரவர் மொழிக்காரர் மட்டும் பாட, மற்றவர்கள் தாளம் போடுவார்கள். ஆகஸ்ட் 1 சுவிஸ் தேசிய நாள். அன்று மலைச்சரிவுகளில் எங்கெங்கோ பெருந்தீ எரியும், ஊர்க் குழந்தைகள் காகித விளக்கோடு நடப்பார்கள், எங்கள் பிள்ளைகளும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்வார்கள்.

பிறகு புறப்பாடு வரும். குழுக்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பதால் ரயில் நிலையத்தில் வாரம் தவறாமல் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். பெயர் பழகி, யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யார் தூக்கத்தில் நடப்பார் என்று தெரிந்துகொண்ட நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் அதே புல்லில் வேறு கூடாரங்கள். புல் மட்டும் பழைய சதுரங்களில் வெளுத்திருக்கும். ஏக்கம் எனக்கு ஊர் திரும்பிய பிறகு தொடங்கியதல்ல, அங்கேயே தொடங்கிவிட்டது.

மலையாவது அப்படியே இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஓஷினென் ஏரிக்கு மேலே ஸ்பிட்ஸே ஸ்டெய் என்ற பாறை முகடு சில ஆண்டுகளாக நகர்ந்துகொண்டிருக்கிறது. பாறையைப் பிடித்து வைத்திருந்த உறைபனி இளகுவது அதற்கு ஒரு காரணம். கருவிகள் வைத்து இரவுபகலாகக் கண்காணிக்கிறார்கள், சில நடைபாதைகளை மூடியிருக்கிறார்கள். சுரங்கத்தின் மறுமுனையில் இருக்கும் லோட்ஷென் பள்ளத்தாக்கில் பிளாட்டன் என்ற ஊரை 2025 மே 28 அன்று பனியாறும் பாறையும் சரிந்து மூடிவிட்டன. ஊர் மக்களை முன்கூட்டியே வெளியேற்றியதால் பெரும் உயிர்ச்சேதம் நேரவில்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிய கரை என்ன ஆகும் என்ற கவலை இன்றுவரை விடவில்லை.

ஆனாலும் என் ஏக்கம் முழுக்க மலைமேல் இல்லை. இப்போது ஒரு அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். பொதுக் கழிப்பறையும் படிக்கட்டும் கழுவ ஒரு அம்மா விடியற்காலையில் வந்து போகிறார். பல வீடுகளில் அவர் பெயர் தெரியாது. படிக்கட்டையாவது வீட்டுக்கொரு முறை வைத்து நாமே கழுவலாம், அவர் சம்பளம் குறையாமல் வேலைச்சுமையைக் குறைக்கலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். என் மகள் மட்டும், அவளுக்கு வயது பத்து, வீட்டுக்கு ஒரு பட்டியல் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினாள். அதில் நான்கு பெயர்கள், ஐந்து வேலைகள். அவள் பெயர் கழிப்பறைக்கு நேராக வரும் வாரத்தில் முணுமுணுப்பாள், ஆனால் செய்துவிடுவாள்.

காண்டர்ஸ்டெக் மையம் 2023இல் நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இந்தக் கோடையிலும் அங்கே பிள்ளைகள் இருப்பார்கள். குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போகலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போகலாம், நல்ல விடுதிகள் இருக்கின்றன, ஏரிக்குக் கேபிள் கார் இருக்கிறது. எனக்கு விருந்தாளியாகப் போக விருப்பமில்லை. ஒரு வாரம் கிடைத்தாலும் போதும், சுவரில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளில் என் பெயர் இருக்க வேண்டும்.