தண்ணி போன தீவு

போன சனிக்கிழமை ஒரு தீவுக்குப் போயிட்டு வந்தேன். ரயில்ல! கேம்பிரிட்ஜ்ல ஏறினா கால் மணி நேரம். நக்கல் இல்லைங்க, நிஜமாவே தீவுதான். என்ன, சுத்தி இருந்த தண்ணியை முன்னூறு வருஷத்துக்கு முன்னாடியே வடிச்சிட்டாங்க :-)

ஊர் பேரு ஈலி. கிழக்கு இங்கிலாந்துல ஃபென்ஸ்னு ஒரு பெரிய சதுப்பு நிலம் இருந்தது. அதுக்கு நடுவுல 85 அடி உயரத்துல ஒரு மேடு. அவ்வளவுதான் தீவு. 673ல எதெல்ட்ரீடாங்கற ராணி இங்க ஒரு மடம் கட்டினாங்க. அப்பல்லாம் படகு வேணும், இல்லைன்னா வழி தெரிஞ்ச ஆள் வேணும். விலாங்கு மீன் ஏகத்துக்கும் கிடைச்சதாலதான் இந்தப் பேரே வந்ததுன்னு 8ஆம் நூற்றாண்டுலயே பீட்ங்கற துறவி எழுதி வச்சிருக்கார். விலாங்குக்கு இங்கிலீஷ்ல 'ஈல்' இல்லையா, அதான்.

1066ல இங்கிலாந்தைப் பிடிச்ச வில்லியமுக்கே இந்த ஊர் தண்ணி காட்டிச்சு. ஹியர்வர்டுங்கறவர் ஆளுங்களோட இங்க பதுங்கி 1071 வரைக்கும் எதிர்த்து நின்னார். கோட்டை மதில் எல்லாம் பெரிசா ஒண்ணும் தேவைப்படலை. சேறே போதுமா இருந்தது.

அந்த ராஜாவால முடியாததை 1630கள்ல பணம் செஞ்சுது. பெட்ஃபோர்ட் பிரபுவும் கூட்டாளிங்களும் முதல் போட்டாங்க, வெர்மூய்டன்னு ஒரு டச்சு இன்ஜினியர் வந்தார். வளைஞ்சு வளைஞ்சு போன ஆத்துத் தண்ணிக்கு 21 மைல் நீளத்துல நேர்கோடா ஒரு கால்வாய். 1651ல அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு. மீனும் நாணலும் வாத்தும் வச்சுப் பொழைச்ச சனங்க ராத்திரியில வந்து கரையை உடைச்சாங்க. 'ஃபென் புலிகள்'னு அவங்களுக்குப் பேரு. கடைசியில தோத்துட்டாங்க.

நான் சிவில் படிக்கிறவன். முதல் வருஷப் பரீட்சையில சதுப்பு நிலத்தைப் பத்தி எழுதும்போது "பயனற்ற நிலம்"னு தைரியமா எழுதி மார்க்கும் வாங்கினேன். அதனால இதுவரைக்கும் கதையில எனக்கு ஹீரோ வெர்மூய்டன்தான்.

ஈலியில ஆத்தைப் பார்க்கப் போனேன். மேட்டுல இருந்து எறங்கி, ஊரைத் தாண்டி வயலோரமா கொஞ்ச தூரம் நடந்தேன். ஆத்தைக் காணோம். எதிர்ல புல்லு மூடின ஒரு கரை. ஏறிப் பார்த்தா, ஆறு மேலே ஓடுது! திரும்பிப் பார்த்தா வயல் கீழே கிடக்குது. ஆத்துக்கு எறங்கித்தான் பழக்கம், ஏறிப் போனது அன்னிக்குத்தான் முதல் தடவை. ஒரு நிமிஷம் தலை சுத்திடுச்சு.

விஷயம் இதுதான். செடிகொடி மக்கி ஆயிரக்கணக்கான வருஷமா சேர்ந்த கறுப்பு மண் அது. ஈரம் இருக்கிற வரைக்கும்தான் அது மண்ணு. காய்ஞ்சா சுருங்கும், காத்து பட்டா கரைஞ்சு கரியமில வாயுவாப் போயிடும். நிலம் எறங்க எறங்க, ஆத்துக்குத் தண்ணியை மேலே ஏத்தணும். முதல்ல காத்தாடி, அப்புறம் நீராவி, அப்புறம் டீசல், இப்போ கரண்ட். ஹோம் ஃபென்ங்கற இடத்துல 19ஆம் நூற்றாண்டு நடுவுல ஒரு இரும்புத் தூணைத் தரைமட்டத்துக்குப் புதைச்சாங்க. இன்னிக்கு அது தரைக்கு மேல சுமார் 4 மீட்டர் நிக்குது. தூண் வளரலை. 1947 மார்ச்ல கரைகள் உடைஞ்சு, பழைய சதுப்பு கொஞ்ச நாள் திரும்பி வந்துட்டும் போச்சு.

அதுக்காக வெர்மூய்டனை வில்லன்னு சொல்ல மாட்டேன். இங்கிலாந்துல முதல் தரமான விவசாய பூமி இதுதான், நான் சாப்பிடற உருளைக்கிழங்கும் இங்க விளைஞ்சதா இருக்கலாம். ஆனா 1650கள்லயே முடிச்சிட்டோம்னு நெனச்ச வேலைக்கு, நான் கரையில நின்ன அன்னிக்கும் எங்கேயோ ஒரு பம்பு ஓடிட்டு இருந்திருக்கும். நாளைக்கும் ஓடணும். நிறுத்தினா ஈலி மறுபடியும் தீவு.

"பயனற்ற நிலம்"னு எழுதி வாங்கின அந்த மார்க்கைத் திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேன். யார்கிட்ட குடுக்கறதுன்னுதான் தெரியலை.