இருபத்தைந்து மணி நேர நாள்

சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குப் போகும் குயின் மேரி 2 கப்பல் கடலில் ஏழு இரவுகளைக் கழிக்கிறது. பிரிட்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஐந்து மணி நேர வித்தியாசம். அதனால் அந்த ஏழில் ஐந்து இரவுகளில் கப்பலின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். விமானம் ஏழு மணி நேரத்தில் தாண்டிவிடுகிற அதே நேர வித்தியாசத்தைக் கப்பல் சில்லறையாக மாற்றிப் பயணியின் கையில் தருகிறது. உடம்பு குழம்புவதில்லை, தூக்கம் கெடுவதில்லை, அந்த ஐந்து நாளும் இருபத்தைந்து மணி நேரமாக நீள்கிறது. இந்தப் பயணத்தின் தலையாய சுகம் இதுதான் என்பது என் எண்ணம். விருந்தும் நடனமும் நூலகமும் அதற்குப் பிறகுதான். ஆனால் அந்தக் கூடுதல் மணி நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை. இரவு இரண்டு மணி ஒரே இரவில் இருமுறை வரும்போது பயணி புரண்டு படுக்கிறார். அதே நேரத்தில் மாடிப்படிக் கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டிருப்பவருக்கும், காலை உணவுக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பவருக்கும் அது இன்னொரு மணி நேர வேலை. அட்லாண்டிக் கடப்பில் எனக்குள்ள மனநிறைவு, மனக்குறை இரண்டும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

நிறைவை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையானது. வட அட்லாண்டிக்கைக் கால அட்டவணை போட்டுக் கடப்பது எளிய காரியமல்ல. கரீபியன் தீவுகளைச் சுற்றி வரும் உல்லாசக் கப்பல்களின் உடல்வாகு இந்தக் கடலுக்குப் போதாது. ஸ்டீபன் பெய்ன் வடிவமைத்து, பிரான்சின் சான்-நசேர் தளத்தில் கட்டப்பட்டு, 2004 ஜனவரியில் கடலுக்கு வந்த இந்தக் கப்பலின் நீளம் 345 மீட்டர். அணியத்தை நீட்டிக் கூராக்கி அலையைப் பிளக்கும்படி செய்திருக்கிறார்கள். உடலில் வழக்கத்தைவிடக் கனமான எஃகு. உயிர்காப்புப் படகுகளைக்கூட அட்லாண்டிக் அலை எட்டாதபடி நீர்மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 30 நாட் வேகம் வரை போகக்கூடியது என்பதால், புயலைச் சுற்றிப் போய் இழந்த நேரத்தைப் பிறகு ஓடிப் பிடிக்க முடிகிறது. கப்பலைப் பற்றிய பேச்சில் இதையெல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். 2003 நவம்பர் 15 அன்று நடந்ததைச் சொல்பவர் குறைவு. கட்டி முடியும் தறுவாயில் இருந்த கப்பலைப் பார்க்கத் தொழிலாளர்களின் குடும்பத்தாரும் உறவினரும் அழைக்கப்பட்டிருந்தார்கள். கரையிலிருந்து கப்பலுக்கு ஏறும் பாலம் இடிந்து 16 பேர் உலர்துறைக்குள் விழுந்து இறந்தார்கள். தம் வீட்டார் கைவைத்த வேலையைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள் அவர்களில் பலர்.

கப்பலைக் கட்டுவது போலவே அதில் வேலை செய்வதும் ஒரு கைத்தொழில். மாலுமி வேலையை மட்டும் நான் சொல்லவில்லை. ஆடுகிற தரையில் ஒரு வீட்டை நடத்துவதும் தனித் தொழில்தான். ஏழாம் தளத்து நடைபாதையில் விடியுமுன் போய் நின்றால் அதன் ஒரு பகுதியைக் காணலாம். இரவெல்லாம் படிந்த உப்பை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள், கண்ணாடிகளை ரப்பர் துடைப்பானால் வழிக்கிறார்கள், கைப்பிடி மரத்தில் எங்கே வார்னிஷ் வெடித்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள். உப்புக்காற்றுக்கு ஓய்வில்லை, ஆகவே துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் வேலையும் ஓய்வதில்லை. கடல் கொந்தளிக்கும் நாளில் சாப்பாட்டுக் கூடத்தைக் கவனித்தால் இன்னொரு பகுதி விளங்கும். பரிமாறுபவர் கப்பலோடு மல்லுக்கட்டுவதில்லை. தரை ஒரு பக்கம் சாயும்போது அரை நொடி நிற்கிறார், அது திரும்பி எழும்போது அந்த ஏற்றத்தோடு அடி எடுத்து வைக்கிறார். தட்டு ஏந்திய கை மட்டும் கிடைமட்டம் மாறாமல் இருக்கிறது. தட்டுகள் வழுக்காமலிருக்க மேசை விரிப்பை லேசாக ஈரமாக்குவது கப்பல்களின் பழைய வழக்கம். சமையற்கட்டில் அடுப்பைச் சுற்றிப் பாத்திரம் நகராதபடி கம்பி வைத்திருப்பார்கள். கொதிக்கும் எதையும் விளிம்பு வரை நிரப்ப மாட்டார்கள். அந்த அரை நொடி நிற்றலை எந்தப் பள்ளியிலும் முழுதாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. மாதக்கணக்கில் கால் கற்றுக்கொள்கிற பாடம் அது.

பயணியின் மனக்குறைகளுக்கும் ஒரு நீண்ட மரபு உண்டு. 1840இல் லிவர்பூலிலிருந்து கிளம்பிய பிரிட்டானியாதான் இந்தக் கப்பலை நடத்தும் நிறுவனத்தின் முதல் அட்லாண்டிக் நீராவிக் கப்பல். 1842 ஜனவரியில் அதில் அமெரிக்கா போன சார்லஸ் டிக்கன்ஸ் தன் அறையின் சிறுமையையும் கடலின் கொடுமையையும் எழுதித் தீர்த்தார். திரும்பும்போது நீராவிக் கப்பலே வேண்டாமென்று பாய்க்கப்பலில் வந்தார். இன்றைய குறைகள் வேறு. வெளியே நாள் கணக்கில் சாம்பல் நிறக் கடல், நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே மூடுபனி, பனிக்குள் விட்டுவிட்டு ஒலிக்கும் சங்கு. உள்ளே எதை எடுத்தாலும் தனிக் காசு. எந்த வகை அறை எடுத்தீர்களோ அதற்கேற்ற உணவுக்கூடம் என்று இன்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். காசு கூடக் கொடுத்தவர் உண்ணும் இடத்துக்குள் மற்றவர் போக முடியாது. இவையெல்லாம் சலிப்பு தருபவைதான். ஆனாலும் கடலின் சாம்பல் நிறத்தைக் குறையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தொடுவானம் வரை எதுவுமே இல்லாத ஒரு வாரம் இன்று வேறெங்கே கிடைக்கும்?

என்னை உறுத்துவது வேறு. இந்தக் கப்பல்கள் உழைப்பைக் கண்ணில் படாமல் வைப்பதற்கென்றே கட்டப்படுகின்றன. பயணிகளின் தாழ்வாரங்களுக்குக் கீழே கப்பலின் நீளத்துக்கு ஓடும் ஒரு பணியாளர் பாதை உண்டு. பிரிட்டிஷ் கப்பல்களில் அதைப் ‘பர்மா ரோடு’ என்பார்கள். அமெரிக்கர்கள் நிரம்பிய கப்பல்களில் அதுவே ‘ஐ-95’, அவர்கள் நாட்டு நெடுஞ்சாலையின் பெயர். அழுக்குத் துணி, காய்கறிப் பெட்டி, குப்பை, மாற்று ஷிப்டுக்கு ஓடும் ஆட்கள் எல்லாம் அந்த வழியாகத்தான். மேலே கம்பளம், கீழே வர்ணம் பூசிய இரும்பு. இரண்டுக்கும் நடுவே தள்ளினால் திறக்கும், சத்தமில்லாமல் மூடும் ஒரு கதவு. பயணிகள் சுமார் 2,700 பேருக்குப் பணியாளர்கள் 1,200க்கு மேல். அதாவது இரண்டு பயணிக்கு ஏறத்தாழ ஒருவர். இத்தனை பேரை ஒரு வாரம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருப்பதே ஒரு பெரிய ஏற்பாடு. கண்ணில் படாத உழைப்புக்கு விலை கேட்க யாருக்கும் தோன்றாது என்பதுதான் அதன் பலன்.

விலை என்ன என்று பார்ப்போம். 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பலில் வேலை செய்பவருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு, ஏழு நாளில் 77 மணி ஓய்வு என்கிறது. ஓய்வை இரண்டாக உடைக்கலாம், அதில் ஒன்று 6 மணிக்குக் குறையக் கூடாது. வேலை நேரத்தைக் கொண்டு கணக்கிடும் நாடுகளில் வாரத்துக்கு 72 மணி வரை வேலை வாங்கலாம். காப்பு என்று எழுதப்பட்ட வரம்பே இவ்வளவு. கூலி என்று பார்த்தால், தேர்ந்த மாலுமி ஒருவருக்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கீழ் 2025க்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அடிப்படை மாதச் சம்பளம் 673 டாலர். வாரம் 48 மணி என்று வகுத்தால் மணிக்கு மூன்றே கால் டாலர் அளவில் வரும். அதே ஆண்டு சவுத்தாம்ப்டன் துறையில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு, நியூயார்க்கில் 16.50 டாலர். நடுவே உள்ள தண்ணீரில்தான் கூலி இப்படி இறங்கிப் போகிறது. பிரிட்டனில் ஒரு படகு நிறுவனம் 2022 மார்ச்சில் 786 பேரை ஒரே நாளில் நீக்கியதை அடுத்து, 2023இல் கடலோடிகள் கூலிச் சட்டம் வந்தது. ஆனால் ஆண்டுக்கு 120 முறையாவது பிரிட்டிஷ் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைத்தான் அது கட்டுப்படுத்தும். போக ஏழு இரவு, வர ஏழு இரவு என்றால் ஆண்டுக்கு 26 முறைக்கு மேல் எப்படி வர முடியும்?

‘யாரும் கட்டாயப்படுத்தி அழைத்து வரவில்லையே, ஊரில் கிடைப்பதைவிட இது எவ்வளவோ மேல், சாப்பாடும் படுக்கையும் இலவசம்’ என்பது முதல் மறுப்பு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கோவா என்று பல இடங்களிலிருந்து வருபவர்கள் இந்தக் காசில் வீடு கட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரில் வறுமை இருப்பது கூலியைக் குறைக்கும் உரிமையாகிவிடாது. இந்த நியாயம் புதியதும் அல்ல. நூறாண்டுக்கு முன் பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த இந்திய லஸ்கர்களுக்கு, அதே வேலை செய்த வெள்ளையரின் கூலியில் ஒரு சிறு பங்குதான் கிடைத்தது. அப்போதும் சொன்ன காரணம் இதுவே. அந்தக் குழுக்களின் தலைவர் செராங், அவருக்கு அடுத்தவர் டிண்டல். நம் தோணித் துறைகளில் வழங்கும் ‘தண்டல்’ என்ற சொல்லின் உறவுதான் அது. சொல்லே தெற்கிலிருந்து போயிருக்கிறது, கூலி மட்டும் சமமாகவில்லை. சட்டம் எதையும் மாற்றாது என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது அதன் ஊழியர்களின் சம்பளம் கப்பல் மூழ்கிய நேரத்தோடு நின்றுபோனது. அன்றைய விதி அப்படி. 1920இல் ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்து, கப்பல் மூழ்கினால் இரண்டு மாதம் வரை ஊதியம் உண்டு என்றாக்கியது. அதனால் கப்பல் தொழில் அழிந்துவிடவில்லை.

இரண்டாவது மறுப்பு டிப்ஸ். ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று பயணியின் கணக்கில் தானாகவே ஒரு தொகை ஏறுகிறது, போதாதென்று பலர் கையிலும் கொடுக்கிறார்கள், அப்புறம் என்ன என்கிறார்கள். கொடுப்பவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் டிப்ஸ் என்பது பயணியின் முகம் பார்த்து வாழ வைக்கிற ஏற்பாடு. அறையைச் சுத்தம் செய்யும் ஸ்டூவர்ட் சிரிக்காவிட்டால் அவர் கூலி குறையலாம் என்ற நிலையில், அந்தச் சிரிப்பில் எது அவருடையது, எது கடமை என்று பிரித்துப் பார்க்க முடியாது. அவருடைய நட்பை உண்மையென்று நம்ப விரும்பும் பயணிக்கும் இதில் இழப்பு இருக்கிறது. சலவைக் கூடத்திலோ இயந்திர அறையிலோ இருப்பவரின் முகத்தைப் பயணி பார்ப்பதே இல்லை. கட்டணத்தை உயர்த்தி அதைச் சம்பளமாகவே கொடுப்பதுதான் நேர்மை. கட்டணம் ஏறினால் கூட்டம் குறையும் என்பார்கள். குறையட்டும். ஓய்வுக்கு வருகிறவரிடம் அடுத்தவர் ஓய்வைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதிலும் அதுவே: ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், அதன் முழு விலையையாவது கொடுத்தாக வேண்டும்.

கடைசி மறுப்பு எனக்கே கனமானது. இவ்வளவு எண்ணெய் எரித்து, விமானத்தைவிடத் தலைக்கு அதிகக் கரியமிலவாயு விட்டு ஓடும் கப்பலின் தொழிலாளருக்காக ஏன் பரிந்து பேச வேண்டும், கப்பலையே நிறுத்திவிடலாமே? வட அமெரிக்கக் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை எரிபொருளில் கந்தகம் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2015இலிருந்து இருக்கிறது. அது புகையின் நச்சைக் குறைத்தது, கார்பனைக் குறைக்கவில்லை. இதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. மெதுவாகப் போனால் எண்ணெய் குறையும். ஆறு இரவில் ஓடிய பாதையை ஏழாக நீட்டியதில் எரிபொருள் மிச்சமானது. எட்டாக நீட்டினாலும் பயணிக்கு இழப்பில்லை, அவர் வந்ததே நேரத்துக்காக. கப்பல் நின்றே போகும் காலம் வரலாம். அதுவரை அதில் வேலை செய்பவர்களின் நேரத்துக்கான விலையைத் தள்ளிப்போடக் கூடாது.

நியூயார்க்கை இருட்டோடு நெருங்குகிறார்கள். வெரசானோ பாலத்தின் அடியில் புகைபோக்கி இடிக்காமல் நுழையும் அந்த நிமிடத்துக்காகப் பயணிகள் மேல்தளத்தில் குளிரில் கூடி நிற்கிறார்கள். அவர்களுடைய பெட்டிகள் முந்தின இரவே அறை வாசலிலிருந்து எடுக்கப்பட்டுக் கீழே அடுக்கப்பட்டுவிட்டன. புரூக்ளினில் காலையில் இறங்குபவர் இறங்க, பிற்பகலில் புதியவர் ஏற, மாலையில் கப்பல் திரும்பிவிடும். இடையில் எல்லாப் படுக்கைகளும் மாற்றி விரிக்கப்பட வேண்டும். விசா இருந்து, வேலை முடிந்து, இரண்டொரு மணி நேரம் கிடைத்த பணியாளர்கள் கரைக்குப் போய் வீட்டுக்குப் பேசிவிட்டு வருகிறார்கள். கிழக்கு நோக்கிப் போகும்போது கடிகாரம் முன்னுக்கு ஓடியாக வேண்டும். பயணியின் தூக்கம் கெடக் கூடாது என்பதற்காக அதை இரவில் செய்யாமல் நண்பகலில் செய்கிறார்கள், பன்னிரண்டு மணி ஒன்றாகிவிடுகிறது. பரிமாறுபவருக்கு மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் நடுவேதான் கொஞ்சம் கால் நீட்ட நேரம். ஐந்து நாளும் அந்த மணி நேரம் அந்தப் பகலிலிருந்துதான் கழிகிறது.