உம்மாவின் பவுடர் வாசம்

எங்கள் கல்முனைப் பக்கம் வாசனை என்றால் ஊது, மல்லிகை, ரோஜா என்று பெயர் சொல்லி விடலாம். உம்மாவின் வாசத்துக்கு மட்டும் எனக்குப் பெயர் தெரியாது. 1980களின் கடைசியில் குவைத்தில் வீட்டு வேலை பார்த்துத் திரும்பியபோது கொண்டுவந்த சின்னப் போத்தல் அது. பவுடர் டப்பாவை அப்போதுதான் திறந்தாற்போல் மெல்லிய மணம். பயணம் போகையில் பூசமாட்டார். மஃரிபுக்குப் பிறகு, வீட்டுக்குள், மருதமுனைக் கைத்தறிச் சேலைத் தலைப்பில் ஒரே துளி.

"வாசம் வாசப்படி தாண்டப்படாது புள்ள" என்பார்.

மடியில் படுத்தால் சற்று நேரத்தில் மணம் மறைந்துவிடும். "போயிட்டும்மா" என்பேன். "இல்ல, இரிக்கி" என்பார். கொஞ்சத்தில் மீண்டும் வரும்.

காரணத்தைப் பிறகுதான் படித்தேன். அது ஐரிஸ், வயலட் என்ற இரு பூக்களின் பெயரில் வரும் மணம். நம் யூனானி வைத்தியர்கள் இர்சா, பனப்ஷா என்பார்களே, அவைதான். ஐரிஸில் மணப்பது பூவல்ல, கிழங்கு. தோண்டியவுடன் அதில் மணமில்லை. தோல் சீவி உலர்த்தி, மூன்று வருடமாவது வைத்திருந்தால்தான் மணம் ஊறி வரும். அந்தக் காலத்தில் அதை இடித்து முகப்பவுடரில் கலந்ததால்தான் நமக்கு அது பவுடர் வாசமாகப் படுகிறது. அந்தக் கிழங்கின் மணத்தை ஆராய்ந்த டீமன், க்ரூகர் என்ற ஜெர்மானியர் இருவர் 1893இல் அயனோன் என்ற பொருளைச் செய்தார்கள். வயலட் மணம் அதிலிருந்துதான் மலிவாகக் கிடைத்தது. அயனோன் மூக்கைச் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும், பிறகு விடும். உம்மா சொன்னது சரிதான். மணம் போகவில்லை, என் மூக்குத்தான் போயிருந்தது!

உம்மா மௌத்தாகி மூன்றாம் வருடம், 2004 டிசம்பர் 26இல், சாய்ந்தமருதுக் கரையோர வீட்டைக் கடல் கொண்டு போனது. அலுமாரியும் போனது, போத்தலும் போனது. சம்மாந்துறையில் ராத்தா வீட்டில் கிடந்த ஒரு சேலை மட்டும் மிஞ்சியது. பல வருடங்கள் அதன் மடிப்பில் அந்த வாசம் இருந்தது. இப்போது இருக்கிறதா, நான்தான் நினைத்துக்கொள்கிறேனா என்று நிச்சயமில்லை.

போன பெருநாளைக்கு மருமகள் தோஹாவிலிருந்து ஒரு போத்தல் கொண்டுவந்தாள். திறந்ததும் நெஞ்சு திக்கென்றது. ஏறக்குறைய அதே மணம். "கிழவிகள்ற பவுடர் மாதிரி மாமி" என்று சிரித்தாள். பாவம், அவள் அறியமாட்டாள்.

"சேலையில கொஞ்சம் தெளிச்சுப் பாருங்களன்" என்றாள்.

தெளித்தால் சேலை மணக்கும். ஆனால் உம்மா தொட்டு வைத்தது ஒரு துளியளவாவது மிச்சமிருந்தால், அது இதற்குள் மூழ்கிவிடுமே. சேலையை மடித்து உள்ளே வைத்தேன். போத்தலை வேறு தட்டில் வைத்திருக்கிறேன். மஃரிபுக்குப் பிறகு மணிக்கட்டில் ஒரு துளி.