கல்லுக்கடியில் ஓர் ஆரஞ்சுக் கரை

பிப்ரவரி 13, சிடியா டாப்பு, தெற்கு அந்தமான்

பௌர்ணமி கழிந்த மறுநாள். மாலை வற்றத்தில் பவளத்திட்டு நன்றாகத் தலைகாட்டியது. செத்த பவளக்கல் ஒன்றை மெல்லப் புரட்டினேன். அடியில் கறுப்பாக ஏதோ நெளிந்தது; சுற்றிலும் ஆரஞ்சுக் கரை. கட்டைவிரல் நீளம், தாள் கனம். முன்விளிம்பு இரண்டு இடத்தில் மடிந்து கொம்புபோல் நின்றது. கடல் தட்டைப்புழு! கல்லை இருந்தபடியே மூடிவைத்தேன். திறந்து போட்டால் அடியில் வாழ்பவை காய்ந்து செத்துவிடும்.

பிப்ரவரி 14

அந்த மெலிவுதான் மனதில் நிற்கிறது. அதற்குச் செவுள் இல்லை, இதயம் இல்லை, இரத்தமும் இல்லை. ஆக்ஸிஜன் தோல் வழியே ஊறித்தான் ஒவ்வொரு செல்லையும் சேர வேண்டும். உடல் தடித்தால் நடுவிலிருக்கும் செல்கள் திணறிப்போகும். உணவைச் சுமக்க இரத்தம் இல்லாததால் குடலே கிளை கிளையாகப் பிரிந்து உடலெங்கும் பரவியிருக்கிறது. வாய் வயிற்றுப்புறம். பல இனங்கள் கல்லில் ஒட்டி வாழும் ஆசிடியன் உயிரிகளின் கூட்டத்தின் மேல் படர்ந்து, மடிப்பு மடிப்பான தொண்டையை வெளியே நீட்டித் தின்கின்றன.

நிறமும் வீண் அலங்காரம் அல்ல; நஞ்சு உண்டு என்ற எச்சரிக்கையாக இருக்கலாம். தட்டைப்புழுக்களில் பிளானோசெரா இனங்கள் சிலவற்றில் பேத்தை மீனில் உள்ள அதே டெட்ரோடோடாக்சின் நஞ்சு இருக்கிறது. சூடோசெரோஸ் இமிடேட்டஸ் என்ற தட்டைப்புழுவோ நஞ்சுள்ள ஓடில்லாக் கடல்நத்தை ஒன்றின் வேடத்தைப் புள்ளி பிசகாமல் போட்டிருக்கிறது.

பிப்ரவரி 17

ஆய்வாளர்கள் மிகீல்ஸும் லெஸ்லி நியூமனும் தட்டைப்புழுக்களின் இனச்சேர்க்கை பற்றி 1998இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியதை மறுபடி படித்தேன். சூடோசெரோஸ் பைஃபர்கஸ் என்ற தட்டைப்புழு இருபாலுயிரி. இரண்டு சந்தித்தால் உடலை நிமிர்த்தி, ஆண்குறியை ஈட்டியாக நீட்டி ஒன்றையொன்று குத்தப் பார்க்கும். சண்டை ஒரு மணி நேரம்கூட நீளும். தோலில் எங்கே குத்தினாலும் விந்து உள்ளே போய்விடும். குத்துப்பட்டது காயத்தையும் ஆற்ற வேண்டும், முட்டைக்கான செலவையும் ஏற்க வேண்டும். அதனால்தான் தான் குத்துப்படாமல் மற்றதைக் குத்த இரண்டுமே இவ்வளவு பாடுபடுகின்றன.

இவற்றை ஆராய்வதும் எளிதல்ல. ஆல்கஹாலில் போட்டால் சுருண்டுவிடும், நிறம் போய்விடும். முரட்டுத்தனமாகத் தொட்டால் கிழிந்தே போகும். நியூமனும் லெஸ்டர் கேனனும் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும்: ஃபார்மலினை உறையவைத்து அதன்மேல் புழுவைப் பரப்பிவிடுவது. உருகும் திரவத்தில் உடல் விரிந்தபடியே பதமாகிவிடும். நிறத்துக்கு மட்டும் உயிரோடு எடுத்த படத்தைத்தான் நம்ப வேண்டும்.

அமாவாசை வற்றத்துக்குக் கேமராவோடு போகிறேன். முதுகு மட்டும் போதாது. கொம்பையும் கரையையும் கிட்டத்தில் எடுக்க வேண்டும். கறுப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே வேறொரு மெல்லிய கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பொறுத்தே இது எந்த இனம் என்பது மாறலாம்.