டெக்ஸ் வில்லருக்கு மட்டும் ஏன் சிக்கவே மாட்டேங்குது?

ஃப்ரெண்ட்ஸ், சிவகாசி லயன் காமிக்ஸ் படிச்சு வளர்ந்தவங்க கையைத் தூக்குங்க. (தெரியும், எல்லாம் கடைசி பெஞ்ச்!) நம்ம டெக்ஸ் வில்லர் குதிரையில பறந்துக்கிட்டே வின்செஸ்டர் துப்பாக்கியோட லீவரை 'சடக் சடக்'னு இறக்கி ஏத்திச் சுடுவாரே... என்னைக்காவது தோட்டா சிக்கி அவர் திருதிருன்னு முழிச்சுப் பார்த்திருக்கீங்களா?

நான் முழிச்சேன். அதுவும் ஸ்ரீவைகுண்டத்துல, ஒரு மரப்பட்டறையில!

பயப்படாதீங்க, மரத் துப்பாக்கிதான். நான் மெக்கானிக்கல். ஆளுக்கொரு மெக்கானிசம் மாடல் செய்யணும்னாங்க. பசங்க கார் வைப்பர், தையல் மெஷின்னு ஒதுங்க, நான் கெத்து காட்ட 1873-ம் வருஷ வின்செஸ்டரைப் பிடிச்சேன். 'குழலும் கூடாது, ட்ரிக்கரும் கூடாது, தோட்டா ஏறுற பாகம் மட்டும்'னு கண்டிஷன் போட்டு ஓ.கே. பண்ணாங்க.

அது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன், அப்பதான் என் வலி புரியும். குழலுக்குக் கீழே நீளமா ஒரு குழாய். அதுக்குள்ள தோட்டாக்கள் ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு படுத்திருக்கும். முன்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் அத்தனையையும் பின்பக்கமா தள்ளிக்கிட்டே இருக்கும். வரிசையில முதல் ஆள் ஒரு குட்டி லிஃப்ட்டுக்குள்ள வந்து நிப்பார். லீவரை இறக்கினா போல்ட் பின்னால போய் சுட்ட காலி உறையை இழுத்து வெளியே போடும். லிஃப்ட் மேலே ஏறும். லீவரை மூடினா போல்ட் முன்னால வந்து புதுத் தோட்டாவை அறைக்குள்ள தள்ளும்; லிஃப்ட் இறங்கிடும். கடைசியா பக்கத்துல இருக்கற இணைப்புக் கம்பிகள் நேராகிப் பூட்டிக்கும். நாம நிமிர்ந்து நின்னா முழங்கால் பூட்டிக்குதே, அதே டெக்னிக். (இந்த முழங்காலைத் தூக்கிப் போட்டுட்டு 1892 மாடலை வடிவமைச்சவர் ஜான் பிரௌனிங். எங்க பக்கத்து மணியாச்சி ஜங்ஷன்ல 1911 ஜூன் 17 அன்னைக்கு வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது ஒரு பிரௌனிங் பிஸ்டலாலதான்!)

எங்க தெரு ஆசாரி தாத்தாகிட்ட நெட்டுல சுட்ட டிராயிங்கையும், பார்த்துக்க ஒரு டெக்ஸ் வில்லர் புக்கையும் குடுத்தேன். நிஜத் தோட்டா சுமார் 40 மி.மீ. நீளம். நம்ம மாடல் ரெண்டு மடங்கு, அதனால 81. மறுநாள் போனா, ஆறு மரத் தோட்டா ரெடி. ஆனா எல்லாத்துக்கும் முனை தட்டை!

"என்ன தாத்தா, புல்லட்டுன்னா கூரா இருக்க வேணாமா?"

"ஒன் படத்துல தட்டையாத்தானய்யா போட்டிருக்கு."

நான் கேட்டாத்தானே? உப்புத்தாளை வெச்சு ஆறையும் தேய்ச்சு சினிமா புல்லட் ஆக்கினேன். சூப்பரா இருந்துச்சு.

மாட்டிப் பார்த்தா தோட்டா லிஃப்ட்டுக்கே வரலை. நான் போட்டிருந்தது ஜன்னல் ஸ்கிரீன் ஸ்பிரிங். "இதுக்கு இழுக்கத்தாம்ல தெரியும், தள்ளத் தெரியாது"ன்னு சிரிச்சார். டூவீலர் மெக்கானிக் கடையில கெஞ்சி வேற ஸ்பிரிங் வாங்கி வந்தோம். இப்ப தோட்டா வந்துச்சு, லிஃப்ட் ஏறலை! லீவரை அரைகுறையா இறக்கினாலும் இந்தத் துப்பாக்கி மக்கர் பண்ணும்னு படிச்சிருந்தேன். முழுசா இறக்கினேன். ம்ஹூம். குழாய்க்குள்ள மெழுகு தடவினேன். ம்ஹூம். (நிஜத் துப்பாக்கியில சிக்கினா முதல் வேலை, அதோட வாயை ஆளில்லாத பக்கம் பார்க்க வெச்சு, விரலை ட்ரிக்கர்லேர்ந்து எடுக்கறதுதான். எங்க என்.சி.சி. ஃப்ரெண்ட் மரத் துப்பாக்கிக்கே அந்த லெக்சரைக் குடுத்தான்!)

மணி ராத்திரி ஒன்பது. ரெண்டு நாள்ல ரிவ்யூ. கடுப்புல வாய் விட்டேன். "நீங்க லிஃப்ட் கட்டையைத் தப்பா செதுக்கிட்டீங்க தாத்தா. ஒழுங்கா அளந்திருந்தா இப்படி ஆகுமா?" பக்கத்துல அவர் பேரன் நின்னுட்டிருந்தான். தாத்தா எதுவும் சொல்லலை. உளியைத் துடைச்சு வெச்சார், லைட்டை அணைச்சார், போயிட்டார். அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலைங்க.

காலையில பயந்துக்கிட்டே போனா, எனக்கு முன்னாடியே பட்டறை திறந்திருக்கு.

"ஒத்தத் தோட்டா போட்டா ஏறுது. ரெண்டாவது போட்டாத்தான் நிக்கி. அப்பம் கட்டையில குத்தமில்லலா?"

அளவுகோலை நீட்டினார். 81 இருக்க வேண்டிய தோட்டா 78! மூணு மில்லியைத் தேய்ச்சுத் தின்னது நான்தான். லிஃப்ட்டோட அளவும் தோட்டாவோட அளவும் ஒண்ணா இருக்கணும். குட்டையானா, அந்த இடைவெளியில அடுத்த தோட்டாவோட பின்பக்கம் எட்டிப் பார்க்கும். ஃபுட்போர்டுல ஒத்தக்கால் வெச்சவன் மாதிரி, உள்ளேயும் வர மாட்டான், வெளியேயும் போக மாட்டான். டவுன் பஸ் கதவு மூடாது. நீளமானாலும் வம்புதான், முனை குழாய்க்குள்ளயே மாட்டிக்கும்.

அப்புறம்தான் தட்டை முனையோட ரகசியத்தைத் தேடிப் படிச்சேன். குழாய்க்குள்ள ஒரு தோட்டாவோட முனை, அடுத்ததோட பிரைமர் மேல இடிச்சுக்கிட்டு இருக்கும். சுடும்போது வர்ற அதிர்ச்சியில கூர்முனை குத்தினா குழாய்க்குள்ளயே வெடிச்சிடலாம். நான் அழகுபடுத்தினது அதைத்தான்!

புதுசா ஆறு தட்டைத் தோட்டா. ரிவ்யூல ஆறும் 'சடக் சடக்'. 'முனை ஏன் தட்டை?'ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு மட்டும் என்னைவிட வேகமா யாரும் பதில் சொல்லியிருக்க முடியாது.

ஜங்ஷன்ல அல்வா வாங்கிக்கிட்டு (நிஜ அல்வாங்க!) நேரா பட்டறைக்குப் போனேன். பேரன் இருக்கானான்னு பார்த்துட்டு, அவன் முன்னாடியே, "தப்பு என் மேலதான் தாத்தா, மன்னிச்சிருங்க"ன்னேன். வாங்கி வெச்சுக்கிட்டார். "மார்க்கு போட்டாவளா?"ன்னார். "போட்டாங்க"ன்னேன். "அப்பம் சரி."

கிளம்பும்போது, "தாத்தா, அந்த டெக்ஸ் வில்லர் புக்கு..."ன்னு இழுத்தேன்.

"பாதியிலதாம்ல நிக்கி. முடிச்சிட்டுத் தாரேன், போ."